ராஜா இல்லாத ஆட்டக்காரர்

தோக்காதவங்கன்னு ஒரு இனம் இருக்குங்க. ஜெயிக்கிறவங்கன்னு நினைச்சுடாதீங்க, அது வேற. இவங்க, தோக்குறதுக்கான காரணத்தை முதல்ல ரெடி பண்ணிட்டு அப்புறம்தான் ஆட உக்காருவாங்க.

நம்ம லிஃப்ட் மெக்கானிக்கையே எடுத்துக்குங்க. மதியம் டிபன் டப்பாவை மூடின கையோட ஒர்க்‌ஷாப் மேசையில செஸ் போர்டை விரிப்பாரு. ராஜா, ராணி, யானை, குதிரைன்னு மொத்தப் படையையும் எதிராளி பக்கம் தாராளமா தள்ளி விட்டுட்டு, தன் பக்கம் பாதி போர்டு நிறைய வெறும் நட்டா அடுக்குவாரு. ஆமாங்க, போல்ட்டுக்குப் போடுற நட்டுதான். ஒவ்வொரு நட்டும் ஒரு சிப்பாய். எல்லா நட்டையும் வெட்டினா எதிராளிக்கு ஜெயம், அந்த ராஜாவை மடக்கினா இவருக்கு ஜெயம். இவருக்கு ராஜாவே கிடையாது. இல்லாத ராஜாவுக்கு யாரு செக் வைக்கிறது?

ஜெயிச்சா, "வெறும் சிப்பாயை வச்சே முடிச்சேன்"பாரு. தோத்தா, "வெறும் சிப்பாயை வச்சே இவ்ளோ நேரம் நின்னேன்"பாரு. ரெண்டுக்கும் ஒரே சிரிப்பு. ஃபோர்மேன் பரீட்சைக்கும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் தொடாமப் போய் எழுதிட்டு, "படிக்காமயே பாஸ் மார்க் பக்கத்துல வந்துட்டேன்"னு பெருமையா வீட்டுக்கு வருவாரு. முட்டி மோதிப் படிச்சிட்டு ஃபெயிலானா என்னத்தைச் சொல்றது?

அதே ஒர்க்‌ஷாப்புல புதுசா சேர்ந்த அவரோட மச்சினன் ஒருநாள் போர்டைத் திருப்பி வச்சான்.

"இன்னிக்கு நட்டு எனக்கு, அத்தான். படை உங்களுக்கு."

"எதுக்கு மாப்ளே வம்பு?"

"அக்காதான் சொல்லி விட்டா."

"என்னன்னு?"

"அவருக்கு ஒருநாளாவது ராஜாவைக் குடுத்துப் பாருடான்னு."

வெல்டர், ஸ்டோர்கீப்பர்னு எல்லாரும் சுத்தி நின்னுட்டாங்க. மெக்கானிக்குக்குக் காது சூடாச்சு. இத்தனை பெரிய படையை வச்சு ஜெயிச்சா எவன் மெச்சுவான்? தோத்தா... அதுக்கு மேல அவரால யோசிக்க முடியல. கை தானா போய் ராணியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுச்சு.

"ராணி எங்க அத்தான்?"

"உனக்கு விட்டுக் குடுத்துட்டேன்."

"நான் கேக்கலையே?"

"கேட்டுக் குடுத்தா அது பெருந்தன்மையாடா?"

டீ வர்றதுக்குள்ள நட்டுங்க அவரோட ராஜாவை மூலையில வச்சு மடக்கிடுச்சு. "ராணி இல்லாமயே இவ்ளோ நேரம் நின்னேன்"னாரு. எப்பவும் கூடச் சேர்ந்து சிரிக்கிற வெல்டர் அன்னிக்குச் சிரிக்கல. குனிஞ்சு நட்டுங்களை டப்பாவுல அள்ளிப் போட ஆரம்பிச்சாரு.

சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்த சம்சாரம் பையில ராணியைப் பார்த்தாங்க. ஃபோர்மேன் பரீட்சைப் புத்தகத்து மேல கொண்டுபோய் நிறுத்தி வச்சாங்க. பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

அவரு ராணியைப் பார்த்தாரு. புத்தகத்தைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

"காலையிலேர்ந்தே ஒரே தலைவலி"ன்னாரு.

சிரிக்காதீங்க. இந்தக் கதையைப் பத்தி யாராவது கேட்டா, "வேலைக்கு நடுவுல பாதிதான் படிச்சேன், ஆனாலும் புரிஞ்சுடுச்சு"ன்னு சொல்லத்தானே போறீங்க? எதுக்கும் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்குங்க.