நான் கலந்துகொண்ட ஒரே போர்டு கூட்டம்

ஸ்ருதி, கௌதம், உங்கள் அப்பா கொஞ்ச காலம் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டராக இருந்த கதையை சித்தப்பா வாயால் கேட்டிருப்பீர்கள். அவன் சொல்லும்போது இருமிக் காட்டுவான், கையை ஆட்டுவான், நடக்காததையும் சேர்ப்பான். நடந்ததே போதுமான அளவுக்குக் கேவலம். எதையும் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. அதனால் நானே எழுதிவைக்கிறேன்.

கம்பெனி உங்கள் அம்மாவின் தாய்மாமன் சங்கரன் மாமாவுடையது. லேக் கார்டன்ஸில் கடை, பெஹாலாவில் வாடகைக்கு ஒரு கோடவுன். அப்பளம், பொடி வகைகள், நல்லெண்ணெய். கோடவுன் என் பொறுப்பு (இப்போதும் அதுதான்). மாமாவின் தம்பி சண்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டார். கம்பெனி என்றால் குறைந்தது இரண்டு டைரக்டர் வேண்டுமாம். மாமா முதலில் மாமியைக் கேட்டார். "குடித்தனம் பண்றதே பெரிசு, கையெழுத்து வேற போடணுமா?" என்று மாமி உள்ளே போய்விட்டாள். அடுத்து நான்.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமோல்லியோ?"

"தெரியும் மாமா."

"அது போதும்."

பன்னிரண்டாவதோடு நின்றவனுக்கு இவ்வளவு சுலபமான இன்டர்வியூ வேறு எங்கே கிடைக்கும்? உங்கள் அம்மாவிடம் ஓடிவந்து சொன்னேன். "சம்பளம் ஏறுமா?" என்று கேட்டாள். பொறுப்பு ஏறும் என்றேன். அவள் மறுபடி கத்திரிக்காய் நறுக்கத் தொடங்கிவிட்டாள்.

போர்டு கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடந்தது, அதாவது காகிதத்தில். கடையில் கணக்கு எழுதும் பாபி-தா கூட்டக் குறிப்பை எடுத்துக்கொண்டு சைக்கிளில் கோடவுனுக்கு வருவார். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். 'விரிவான விவாதத்துக்குப் பின் ஏகமனதாக' என்று அதில் இருக்கும். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று தும்மிக்கொண்டே நான் கம்பெனியை நிர்வகித்தேன்.

ஆனால் நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை (அதுதான் என் கோளாறு). டைரக்டரின் கடமைகள் என்னென்ன என்று போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கோட்டுப் போட்ட ஒருவர், கம்பெனியின் சொத்தைத் தன் சொத்துபோலக் காக்க வேண்டும் என்றார். காக்கிறேனே என்று அவருக்குப் பதில் வேறு சொன்னேன்.

இந்த நேரத்தில் கோடவுனைக் காலி செய்யச் சொல்லி இடத்தின் சொந்தக்காரர் நெருக்க ஆரம்பித்தார். சொந்தமாக இடம் வாங்க மாமா பேங்கில் கடன் கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் எனக்கும் பாக்கிங் பெண்களுக்கும் வேலை இருக்குமா என்பதே சந்தேகம். பேங்க்காரர்கள் கணக்கில் நல்ல லாபம் தெரிய வேண்டும் என்றார்கள். தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. டைரக்டர் கேள்வி கேட்க வேண்டும் என்ற வீடியோவுக்கு நான் அப்போது வந்து சேர்ந்திருக்கவில்லை.

பழைய ஆடிட்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் மித்ரா மேடம். சின்ன வயது, மெதுவான பேச்சு. கணக்கை ஒப்புக்கொள்ளும் கூட்டத்தில் தானும் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே கம்பெனி வரலாற்றில் முதல்முறையாக ஒரு கூட்டம் உண்மையிலேயே நடந்தாக வேண்டிவந்தது.

அலிப்பூரில் மாமா வீட்டு ஹாலில் கூட்டம். கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். பித்தான் போடாமல் சமாளித்தேன். வாசலிலேயே மாமா மடக்கினார். "மாப்பிள்ளை, நீங்க பேச வேண்டாம். நான் பார்த்தா தலையை ஆட்டினாப் போதும்."

அரைமணி நேரம் நன்றாகத்தான் ஆட்டினேன். பிறகு மேடம் வங்காளியில் மாமாவிடம் கேட்டார்: "மார்ச் கடைசியில் சிலிகுரி பார்ட்டிக்கு இவ்வளவு நல்லெண்ணெய் விற்றிருக்கிறீர்கள். லாரி ரசீது மட்டும் காணவில்லையே?"

"எங்கேயாவது இருக்கும், தேடித் தருகிறேன்" என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. சரக்கைப் பற்றிய கேள்வி, என் இலாகா. மாமாவைத் திருடன்போல நிற்கவைக்கிறார்களே. தலையாட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரசீது எப்படி இருக்கும் மேடம்? லாரியே வரலையே. சரக்கு அப்படியே கோடவுன்ல இருக்கு. ஒரு டின்கூட அசையலை."

மாமா இருமினார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

"சிலிகுரி டின்களா? அதேதானா?" என்றார் மேடம்.

"அதேதான். பார்ட்டி பேர் போட்ட ஸ்டிக்கர்கூட ஒட்டியாச்சு. இப்ப வேண்டாம்னுட்டாங்க."

மாமா இன்னும் பலமாக இருமினார். இன்னொரு டம்ளர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் என்னையே பார்த்தார். நம்பாமல் பார்க்கிறார்போல என்று நினைத்து, போனிலிருந்த ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினேன். அதற்கு முந்தின வாரம்தான் விஸ்வகர்மா பூஜை. சாமிக்குப் பக்கத்தில் நான் கைகட்டி நிற்கிறேன், பின்னால் டின் அடுக்கு. அதற்கும் ஒரு செவ்வந்தி மாலை போட்டிருந்தோம். மேடம் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி ஸ்டிக்கரைப் படித்தார்.

"ஆச்சா" என்றார், வங்காளியில் 'சரி' என்று. அவ்வளவுதான். அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னார். அதையும் அனுப்பினேன்.

மாமி சந்தேஷ் இனிப்புத் தட்டோடு வந்தாள். யாரும் எடுக்கவில்லை. நான் இரண்டு எடுத்துக்கொண்டேன். போகாத சரக்கை விற்றதாக எழுதித்தான் அந்த லாபம் வந்திருக்கிறது என்பது, இரண்டாவது சந்தேஷ் பாதி உள்ளே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

விற்பனையைக் கணக்கிலிருந்து எடுத்தால்தான் கையெழுத்து என்று மேடம் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். பேங்க் கடனை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியது. பிறகு கேட்டதில் பாதிதான் கொடுத்தது. அதுவரை வாடகையை ஏற்றிக் கொடுத்து அதே கோடவுனில் ஒட்டிக்கொண்டிருந்தோம். யார் வேலையும் போகவில்லை, என் டைரக்டர் வேலையைத் தவிர. 'உடல்நலக் காரணங்களால்' நான் விலகியதாகக் காகிதம் வந்தது. அதைக் கேள்விப்பட்டு டாலிகஞ்ச் அத்தை ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். நான் கட்டில்மேல் ஏறி மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தேன்.

துர்கா பூஜை முழுக்க மாமா என்னோடு பேசவில்லை. பூஜை முடிந்து விஜயதசமியன்று வழக்கப்படி அவர் காலில் விழப் போனபோதுதான் "வாங்கோ, டைரக்டர் சார்" என்றார். அன்றைக்கே சித்தப்பா ஆரம்பித்துவிட்டான். நம் வீட்டில் யாராவது சொல்லக்கூடாததைச் சொல்லக்கூடாத இடத்தில் உளறினால் எல்லோரும் ஒரே குரலில் "லாரியே வரலையே" என்பது அதனால்தான். போன மாதம் டீச்சர் முன்னால் நீ உளறினபோது உன் அம்மா சொல்லிச் சிரித்தாளே கௌதம், அது என் சொத்து.

சித்தப்பா சொல்லாத ஒன்று உண்டு, அவனுக்குத் தெரியாது. கூட்டம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது வீட்டு ஸ்டாப்பில் நான் இறங்கவில்லை. எனக்குத் தெரியாமல் மாமா சரக்கை அனுப்பியிருக்கக் கூடாதா, நான் சொன்னது பொய்யாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே பெஹாலா வரை போனேன். தன் கோடவுனில் சரக்கு காணாமல் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பாக்கிங் பெண்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். ஷட்டரைத் தூக்கி, கோட்டைக் கழற்றி மூட்டைமேல் போட்டுவிட்டு, ஒவ்வொரு டின்னாகத் தொட்டு எண்ணினேன்.

எல்லாம் இருந்தது. ஒன்றில் மட்டும் மூடி கொஞ்சம் தூக்கியிருந்தது. உள்ளங்கையால் அழுத்தி மூடினேன். பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.