மூடுமந்திரத்துக்கு மூன்று பெயர்

இலங்கையில் இரகசியம் காக்கத் தெரிந்த ஒரே மனிதர், வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டின் இரண்டாம் மாடியில் இருந்த மூடுமந்திரம் அண்ணைதான். மற்றவர்களுக்கு, குறிப்பாக அரசாங்கத்துக்கு, அந்த வித்தை தெரியாது.

துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தனி ஆள். யார் ஐசி என்கிற அடையாள அட்டையின் கொப்பி கேட்டாலும் முகத்துக்குக் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, 'இன்ன வேலைக்கு மட்டும்' என்று எழுதித்தான் கொடுப்பார். கொப்பி எடுக்கும் கடை மெர்சி அக்கா, இந்த மனுசன் ஒருநாள் மெஷினையும் கழுவித் தரச் சொல்லப் போகிறது என்று புலம்புவார். பார்சலில் ஒட்டிய விலாசத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பார். பெயர் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்வார்.

ஒருநாள் கடற்கரையில் கடலை வாங்கினார். சுருளைப் பிரித்தால் யாரோ ஒரு பெண்ணின் ஐசி கொப்பி. ஏதோ ஒரு கந்தோர் நிறைக்கு விற்ற பழைய கடதாசி. அண்ணை அந்தக் கடலை வண்டிலில் இருந்த அத்தனை சுருளையும் வாங்கி வந்து, கடலையை எங்கள் வீடுகளில் கொட்டிவிட்டுக் கடதாசியை எரித்தார். அந்தக் கிழமை முழுக்கப் பிளாட்டே வயிறு ஊதிக் கிடந்தது. விசர் மனுசன் என்றோம்.

பிறகுதான் அது நடந்தது. ஓர் அரசாங்கக் கந்தோரின் கொம்பியூட்டரிலிருந்து சனத்தின் விபரமெல்லாம் களவு போனது. ஐசி, விலாசம், பிறந்த திகதி, ஒன்றும் மிச்சமில்லை. மேலிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பொதுமக்கள் விழிப்பாக இருக்கவேண்டும் என்று அறிக்கை விட்டது. வீட்டுத் திறப்பைக் கள்ளனிடம் விட்டவன் வீட்டுக்காரனுக்குப் புத்தி சொன்னான்.

அண்ணைக்குத் திடீரென்று மவுசு வந்தது. கதவு கதவாகத் தட்டினார். ஓடிபியைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதே, பாஸ்வேர்டை மாற்று, வங்கியில் சொல்லிவை, உன் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று போன் கொம்பனியில் கேள் என்றார். எல்லோரும் போய்க் கேட்டோம். போகாதவர் அவர் மட்டும்தான்.

"களவு போச்சோ எண்டு பாக்கிறதுக்கும் ஐசி நம்பர் குடுக்கோணுமாம். எனக்கென்ன விசரோ?"

அடுத்த மாதம் பொலிஸ் வந்து அண்ணையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. அவர் பெயரில் எடுத்த சிம்மை வைத்து யாரோ ஒருவன், வெளிநாட்டு வேலை என்று நுகேகொடைப் பக்கம் ஆட்களை ஏமாற்றியிருந்தான். பழி நிரூபணமானால் இந்த வயதில் அண்ணை மறியலில் கம்பி எண்ணவேண்டும்.

அவரை அடையாளம் சொல்ல நானும் மெர்சி அக்காவும் பிளாட் வாச்சர் சுனிலும் போனோம். இன்ஸ்பெக்டர் கேட்ட முதல் கேள்வியே இவருடைய பெயர் என்ன என்பதுதான். சுனில், குணசேகர என்றான். மெர்சி அக்கா, அந்தோணி என்றார். நான் சிவா என்றேன். எங்களையும் உள்ளே போடலாமா என்று இன்ஸ்பெக்டர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. யுத்த காலத்தில் இதே கொழும்பில் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அண்ணை வீடு திரும்பியிருக்கமாட்டார்.

மெர்சி அக்காதான் சுதாகரித்தார். சிம் எடுக்கக் கொடுத்த கொப்பியைக் காட்டச் சொல்லி, இதில் கோடு எங்கே என்று சிங்களத்தில் பிடித்துக்கொண்டார். கோடில்லாத கொப்பி ஒன்று தன் கடையிலிருந்து இந்த மனுசனின் கையில் ஒருநாளும் போனதில்லை என்று அடித்துச் சொன்னார். கோடு விழாத ஐசி இருந்தது ஒரே இடத்தில்தான். அசலை வாங்கி ஸ்கான் பண்ணி, பிறகு களவு கொடுத்த அந்தக் கந்தோரில்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதி, கூப்பிடும்போதெல்லாம் வரவேண்டும் என்று சொல்லி அண்ணையை விட்டார். கந்தோரிலிருந்து ஒரு குஞ்சையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

காலி வீதிக்கு வந்ததும் அண்ணை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஐசி காட்டாட்டிப் பிடிச்சாங்கள், தம்பி. இப்ப காட்டினதால பிடிக்கிறாங்கள்."

அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்த எனக்கு அன்று கோபம்தான் வந்தது. இன்னும் ஆறவில்லை.

சாட்சியாகக் கையெழுத்து வைத்தபோது வாக்குமூலத்தில் அவருடைய உண்மையான பெயரைப் பார்த்தேன். அழகான பெயர். மனைவிக்கும் சொல்லவில்லை. கள்ளச் சந்தையில் காசுக்குக் கிடைக்கிற பெயர்தான். என்றாலும் அது என் வாயிலிருந்து போகாது.