லீவர் துவக்கும் பொறுமையான ஒரு மானும்

ஒரு பொருள் அழகாக இருந்துவிட்டால், அதை வைத்திருப்பவனும் கெட்டிக்காரன் என்று நாமே நம்பிவிடுகிறோம். நான் நம்பினேன். அதன் பலனாக டென்மார்க்கின் மேற்கு யூட்லாண்டில் ஒரு மான் நீண்ட காலம் வாழ்ந்திருக்கும்.

ஹொல்ஸ்டெப்ரோவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பாதிப் பேர் வேட்டைக்காரர்கள். பக்கத்து மெஷினில் நிற்கும் யென்ஸ்தான் என்னையும் இழுத்துவிட்டான். படித்துப் பரீட்சை எழுதி வேட்டை உரிமம் எடுத்தேன். (எழுத்துப் பரீட்சையில் எனக்கு அவனைவிடப் புள்ளி கூட. அதை அவனே ஒத்துக்கொள்வான்.)

பிறகு துவக்கு வாங்கப் போனேன். கடைக்காரர் தொலைநோக்கி பூட்டிய புதுத் துவக்குகளை வரிசையாகக் காட்டினார். என் கண்ணோ மூலையில் நின்ற பழையதில் போய் விழுந்தது. தேன் நிறத்தில் மரப்பிடி, விசையைச் சுற்றி இரும்பு வளையம் போல ஒரு லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் உள்ளிருக்கும் தோட்டா வெளியே துள்ளும், புதியது உள்ளே போகும். வெறுந் துவக்கில் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். க்ளிக்-க்ளக். அந்த இடத்திலேயே நான் அவுட்.

பொலிஸ் அனுமதி எல்லாம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி வதனி வாசலை மறித்து நின்றாள்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள். நீங்கள் கடையிலை போய் வாங்கிக்கொண்டு வாறியள்?"

"இது வேட்டைத் துவக்கு. எவ்வளவு வடிவாயிருக்கு, பாரும்."

"வடிவெண்டாப் பாம்பையும் வளர்ப்பியளோ?"

அவளை இளக்கியது 'மான் இறைச்சி' என்ற சொல்தான். முதல் வேட்டைக்கு மறுநாள் மதியம் மான்கறி என்று, ஒடென்சேயில் இருக்கும் தன் அக்கா குடும்பத்தைச் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டுவிட்டாள். மான் தவிர மற்றதெல்லாம் தயார்.

வேட்டையன்று காலை என் துவக்கை எல்லோரும் கைமாற்றி வாங்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மரப்பிடியைத் தடவிப் பெருமூச்சே விட்டார். என் நெஞ்சு ஒரு சாண் விரிந்தது. யென்ஸ் என்னை ஒரு மரப் பரணில் ஏற்றிவிட்டுப் போனான். வேட்டை தொடங்கக் கொம்பு ஊதினார்கள். தூரத்தில் நாய்கள் குரைத்தன. சிறிது நேரத்தில் ஊசியிலை மரங்களுக்குள்ளிருந்து ஒரு மான் வந்து, படத்துக்கு நிற்பதுபோல் பக்கவாட்டில் நின்றது.

சுட்டேன். லீவரை இழுத்து மறுபடி சுட்டேன். தோட்டா தீரும்வரை சுட்டேன். மான் விழவில்லை. ஓடவும் இல்லை. காதை மட்டும் ஆட்டியது. பிறகு, இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல மெல்ல நடந்து போய்விட்டது.

யென்ஸ் வந்தான். "மான் வந்ததோ?"

"வந்தது. எல்லாத் தோட்டாவும் சுட்டன். துவக்கின்ரை குறி பிழை."

"ஒரு வெடியும் கேக்கேல்லையே?"

"காத்து மற்றப் பக்கம் அடிச்சிருக்கும்." (எவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன்!)

அவன் குனிந்து, பரணுக்குக் கீழே புல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். எல்லாம் வெடிக்காத முழுத் தோட்டாக்கள், பளபளவென்று. பதற்றத்தில் நான் லீவரைத்தான் இழுத்து இழுத்துத் தள்ளியிருக்கிறேன். விசையில் விரலே வைக்கவில்லை. ஆனால் வெடிச்சத்தம் எனக்குக் கேட்டது. கோயிலில் வைத்துக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

யூட்லாண்டுக்காரர் லேசில் சிரிக்கமாட்டார்கள். யென்ஸ் பரண் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான்.

வேறொருவர் சுட்ட மானில் ஒரு தொடையை எனக்குத் தந்தார்கள். என்னை வீட்டில் இறக்கிய யென்ஸ், கதை முழுவதையும் வதனிக்கு டெனிஷில், கை அசைவோடு நடித்தே காட்டினான். அவள் சிரிக்கவில்லை. நன்றி சொல்லித் தொடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். புருஷன் மானத்தைக் காப்பாற்றும் மனைவி என்று அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் கறி பிரமாதம். நான் அண்ணை என்று கூப்பிடும் வதனியின் அக்கா புருஷன் எலும்பை உறிஞ்சியபடி கேட்டார்: "திறம், தம்பி! எத்தினை வெடியிலை விழுத்தினனீர்?"

நான் தொண்டையைச் செருமினேன். சோறு போட்டுக்கொண்டிருந்த வதனி முந்திக்கொண்டாள்.

"இவர் எங்கை சுட்டவர்? காடு முழுக்கத் தோட்டாவைக் கொட்டி, தோட்டம் செய்துபோட்டெல்லோ வந்தவர்!"

அண்ணைக்குப் புரையேறியது. அக்கா தண்ணீர் எடுக்க எழுந்து, சிரிப்பில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். அண்ணைக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அதே துவக்கால் பிறகு மான்கள் சுட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. விற்றுவிட்டுப் புதியது வாங்கச் சொல்கிறான் யென்ஸ். மாட்டேன். எண்ணெய் போட்டுத் துடைத்து அந்த லீவரை ஒருமுறை இழுத்தால் போதும், என் முதுகு தானாக நிமிர்கிறது. அப்படி ஒரு சாமான் இந்த வீட்டில் வேறு இல்லை.

இலையுதிர் காலத்தில் நான் வேட்டைக்குப் போயிருக்கும்போது அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், "தோட்டத்துக்குப் போயிட்டார்" என்று மகள் டெனிஷில் சொல்கிறாள். அவளுடைய தோழியின் தாய் ஒருநாள் கடையில் என்னைக் கண்டு, இந்த முறை உருளைக்கிழங்கு எப்படி என்று அக்கறையாக விசாரித்தார்.

நல்ல விளைச்சல் என்றேன்.