மேடையில் கொடுத்த பல்

ஆறாயிரத்து நானூற்று முப்பது ரூபாய். பற்பசைக் கம்பெனி பொறுமைக்குத் தர வேண்டிய ஓவர்டைம் பாக்கி அது. மூன்று மாதமாக, ஷிப்ட் முடிந்த பிறகும் நின்று லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிய கூலி. யாரிடமும் குரலை உயர்த்தாதவர் என்பதால் கூட வேலை செய்தவர்கள் அவருக்குப் பொறுமை என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்த நாளிலிருந்து எந்தப் பணமும் அவருக்கு நேரத்துக்கு வந்ததில்லை.

இந்தத் தடவை பொறுக்க முடியாது. மனைவி மாடிப்படியில் வழுக்கி விழுந்து முன்பல் நாலு போய்விட்டது. புதுப்பல் தயார்தான், ஆனால் அது பல் டாக்டரின் மேசை டிராயரில் இருந்தது. பணம் கட்டினால்தான் வாய்க்கு வரும். அவள் வேலை பார்த்த துணிக்கடையிலோ, வாயைப் பொத்திக்கொண்டு வியாபாரம் பேசினால் எவன் வாங்குவான், மாதக் கடைசிக்குள் பல்லோடு வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலும் அவள் வாயைப் பொத்தித்தான் பேசுவாள், திட்டும்போது மட்டும் கையை எடுப்பாள். நாலு நாளாகக் கை வாய்ப்பக்கமே போகவில்லை.

கணக்குப் பிரிவில் இருந்த இளைஞன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், ஓவர்டைமுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்றான்.

"ஆனா சமூகப் பொறுப்புக்கு நிறைய ஒதுக்கியிருக்காங்க அண்ணே. அதைக் கவனிக்கிற மேடம் மாடியில இருக்காங்க, பாருங்க."

"என் கூலி எனக்கு வர்றதுல சமூகம் எங்க தம்பி வருது?"

"எந்த வழியா வந்தா என்ன, வந்தா சரிதானே."

மேடத்தின் அறையில் தரையெல்லாம் கம்பளம். பொறுமை பூட்ஸை வெளியே கழற்றிவிட்டுப் போய் விஷயத்தைச் சொன்னார். பல் போன கதையைக் கேட்டதும் மேடத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். 'புன்னகைத் திட்டம்' என்று பேர் வைத்து, பேனரும் அடித்து, பல் இல்லாத ஆள் கிடைக்காமல் ஒரு மாதமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாராம். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"வீட்ல என்ன பேஸ்ட் யூஸ் பண்றாங்க?"

"நம்ம பேஸ்ட்தான் மேடம். இருபது வருஷமா."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அதை மேடையில சொல்ல வேணாம்."

மறுநாள் ஒரு சிக்கல். கம்பெனித் தொழிலாளியின் குடும்பத்துக்கு உதவி தரக்கூடாது என்று விதி இருந்தது. மேடமே வழியும் கண்டுபிடித்தார். நான் இந்தக் கம்பெனி ஆள் இல்லை, லோடிங் கான்ட்ராக்டரின் ஆள் என்று எழுதிக் கொடுத்தால் போதும், வெறும் சம்பிரதாயம். பொறுமை கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் காலை தொழிலாளர் வாசலில் வாட்ச்மேன் அவருடைய அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். கம்பெனி ஆள் இல்லாதவர் அந்த வழியாக வரக்கூடாதாம். பொறுமை முன்வாசலுக்குச் சுற்றிப்போய், நோட்டில் பேரெழுதி, 'பார்வையாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போய் இருநூறு பெட்டி ஏற்றினார். அவ்வளவு வேலை செய்த பார்வையாளரை அந்தக் கம்பெனி அதுவரை கண்டதில்லை.

அதோடு விட்டதா? கம்பெனி ஆள் இல்லாதவருக்கு ஓவர்டைம் பாக்கி எப்படி இருக்க முடியும், கணக்கு உதைக்கிறது என்று இளைஞன் கூப்பிட்டனுப்பினான். இன்னொரு காகிதத்தில் கையெழுத்து வேண்டுமாம். நாலு பக்கம். பொறுமை முதல் வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள், மேடம் காத்துக்கொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்தினான். அதிலும் போட்டார்.

விழாவுக்கு மைதானத்தில் கூடாரம், இருநூறு நாற்காலி, மேடை நிறையப் பூ. பூவுக்கு மட்டும் எவ்வளவு என்று பொறுமை பூக்காரரிடம் கேட்டார். பதினோராயிரம் என்றார். பொறுமை அதிலிருந்து ஆறாயிரத்து நானூற்று முப்பதைக் கழித்துப் பார்த்தார்.

போட்டோக்காரர் மனைவியை வாயைத் திறக்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் சோகமாக, இன்னும் கொஞ்சம் ஏழையாக என்று ஏழெட்டுப் படம் எடுத்தார். அவள் திறந்த வாயை மூடாமலே புருஷனைப் பார்த்தாள்.

"உங்க கூலியைக் கேட்டு வாங்க உங்களுக்குத் துப்பில்ல. என் பொக்கை வாயை ஊரே பாக்குது."

முதலாளி கொடுப்பதன் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். பேர் சொல்ல விரும்பாத ஒரு பெரிய மனசுக்காரரின் உதவி இது என்று சொல்லிப் பல் டப்பாவை நீட்டினார். பொறுமை குனிந்து கும்பிட்டார். படம் சரியாக விழவில்லை என்றார்கள், மறுபடியும் கும்பிட்டார்.

மனைவி மறைவாகப் போய்ப் பல்லை மாட்டிக்கொண்டு வந்து சிரித்தாள். கைதட்டல் ஓயச் சற்று நேரமாயிற்று. மேடையை விட்டு இறங்கியதும், கோப்பும் கையுமாக நின்ற கணக்குப் பிரிவு இளைஞனை அவள் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி கையிலேர்ந்து காசு வராதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. அந்தப் புண்ணியவான் யாருன்னு சொல்லுங்க. நேர்ல போய் ஒரு வார்த்தை நன்றி சொல்லணும்."

அவன் கோப்பைப் புரட்டி, கையெழுத்தின் மேல் விரலை வைத்தான்.

"எங்கயும் போக வேணாம்மா, பக்கத்துலதான் நிக்கிறாரு. ஓவர்டைம் பாக்கி மொத்தத்தையும் நன்கொடையா எழுதிக் குடுத்துட்டாரு, கணக்கு முடிஞ்சுது."