ஜோர்டி அத்தான் போட்ட முடிச்சு

சொற்களின் வேரைத் தோண்டுகிற ஆட்களைக் கல்யாண வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆள் நான்தான்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் அக்காவின் கல்யாணம். மாப்பிள்ளை ஜோர்டி, பார்சலோனாக்காரர். அவருக்குச் சடங்குகளை விளக்கும் பொறுப்பு மொழியியல் படிக்கும் என்னிடம் வந்தது. (வந்தது என்ன, பறித்துக்கொண்டேன்.) எங்கள் சொந்தத்தில் தமிழரல்லாத முதல் மருமகன். எங்கே சறுக்குவார் என்று பார்க்க மாமிமார் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு ஒரு வாரமாக நித்திரை இல்லை.

அவருடைய தாய்மொழியான கற்றலனில் 'என்லியசா' என்றால் இணைப்பது. கல்யாணத்தையும் அதே வேரிலிருந்து வந்த சொல்லால் குறிப்பதுண்டு. உள்ளே இருப்பது 'லியாஸ்', அதாவது முடிச்சு. இன்னும் தோண்டினால் லத்தீனில் விலங்கு பிடிக்கும் சுருக்குக் கயிறு. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உங்கள் மொழியும் எங்கள் சடங்கும் ஒன்றேதான் என்று அவரிடம் ஜெர்மனில் முழங்கி, சப்பாத்துக் கயிற்றில் மூன்று முடிச்சுப் போடப் பழக்கினேன்.

மூன்று முடிச்சு நான் இந்தியப் படங்களில் பார்த்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தாலியோ தடித்த தங்கக் கொடி; பின்கழுத்தில் திருகிப் பூட்டுவது. எத்தனையோ கல்யாணங்களுக்குப் போயும் நான் அதைக் கண்டதில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் எழும்பிக் கைபேசியைத் தூக்குவார்கள்.

கெட்டிமேளம் முழங்கியது. அத்தான் கொடியின் இரு முனைகளையும் பிடித்துப் பக்தியோடு முறுக்கி இழுத்தார்.

"ஒண்டு," என்றார் தமிழில்.

"ஐயோ, கழுத்து இறுகுது!" என்றாள் அக்கா.

"தம்பி, அது சப்பாத்துக் கயிறில்லை! திருகும், திருகும்!" என்று ஐயர் அலறினார்.

அத்தானுக்கு விளங்கிய தமிழ் எண்கள் மட்டுமே. "ரெண்டு."

லத்தீன் சுருக்கு என் கண்முன்னே வேலை செய்தது. அம்மாவும் அத்தானின் தாயும் ஒரே நேரத்தில் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் கையில் கொண்டை ஊசி, மற்றவருக்கு நகம். "பிடியுங்கோ, விடாதேங்கோ!" என்று அம்மா தமிழில் சொல்ல, அவர் கற்றலனில் ஏதோ சொல்லிச் சரியாகப் பிடித்தார். இணைப்பது என்றால் கட்டுவது என்றுதான் அகராதி சொல்லியிருந்தது. அன்று நான் கண்டது, இரண்டு பேர் சேர்ந்து அவிழ்த்தது.

நல்ல நேரம் முடியுமுன் அத்தான் திருகிப் பூட்டினார். முன்வரிசையில் ஒரு மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி கத்தினார்: "மருமோனே, இன்னும் ஒரு முடிச்சுப் பாக்கியிருக்கு!"

அந்த 'மருமோன்' காதில் விழுந்ததும் அம்மா ஒரு வாரப் பாரத்தை இறக்கிவைத்தவர் போல மணவறைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது இந்த ஊரில் எந்த மாப்பிள்ளை மணவறை ஏறினாலும், யாராவது ஒரு மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்.

"பிள்ளை, நீ இஞ்ச என்னோட இரு. அந்தத் தம்பியோட ஒண்டும் கதைச்சுப்போடாதை."