சுவருக்கு அங்கிட்டு என்ன சிஸ்டம்?

“அங்கிட்டு எது இருக்கோ, அது இங்கிட்டு இருக்கக் கூடாது.”

கம்ப்யூட்டர் கடையில் ஆனந்தராஜ் போட்ட நிபந்தனை அது ஒன்றுதான். பக்கத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ரம்யாவுக்கு வெட்கமாக இருந்தது. அவள் மின்விசிறியைப் பார்ப்பதுபோல மேலே பார்த்துக்கொண்டாள்.

கடைக்காரர் பிரசாந்த் கேட்டது சாதாரணக் கேள்விதான். “அண்ணே, வீட்டுக்கு விண்டோஸ் போடவா, லினக்ஸ் போடவா?”

“ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?”

“பஸ்ஸு ஒண்ணுதான்ணே. டிரைவர்தான் வேற. விண்டோஸ் எல்லாருக்கும் பழகின டிரைவர். எங்க போனாலும் ஆள் தெரியும். லினக்ஸ் சம்பளம் கேக்காத டிரைவர். நல்லா ஓட்டுவாரு, ஆனா அவரு பழக்கவழக்கத்த நாமதான் கத்துக்கணும். என்ன வேலைக்கு வாங்குறீகன்னு சொன்னீகன்னா, எது தோதுன்னு சொல்லிருவேன்.”

என்ன வேலைக்கு வாங்குகிறோம் என்று ஆனந்தராஜுக்கே தெரியாது. அறந்தாங்கியிலிருந்து கட்டுமாவடி போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர் அவன். கம்ப்யூட்டரில் அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது. அவனுடைய அண்ணன் குழந்தைசாமி ஒன்று வாங்கி, அட்டைப்பெட்டியைத் தெருவழியாகத் தூக்கிக்கொண்டு போனார். அதை இவன் பார்த்துவிட்டான். அவ்வளவுதான் காரணம்.

“எங்க அண்ணன் ஒங்கிட்டதான வாங்கினாரு? அவருக்கு எதப் போட்டுக் குடுத்த?”

“விண்டோஸ்ணே.”

“அப்ப எனக்கு மத்தது.”

அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது மாசி மாசம், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிய அன்று. கிடாயை வளர்த்தது தம்பி. தழை ஒடித்துப் போட்டு, குளிப்பாட்டி, மழைக்கு வீட்டுக்குள் கட்டி வளர்த்தான். வெட்டியதும் மூத்தவர் என்கிற முறையில் தலை அண்ணனுக்குப் போனது. தம்பிக்கு ஒரு தொடை வந்தது. தொடையில் கறி அதிகம் என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். ஆனந்தராஜ் கேட்கவில்லை. அடுத்த வாரமே கொத்தனார் வந்தார். ஒரே வாசலாக இருந்த வீட்டில், ஆளுயரத்துக்கு மேல் சிமெண்டுக் கல்லில் ஒரு சுவர் எழுந்து நின்றது.

சுவரில் அண்ணன் தம்பிக்கு ஒரு நட்டமும் இல்லை. ஒருவர் வயலுக்குப் போய்விடுவார். ஒருவன் பஸ்ஸுக்குப் போய்விடுவான். நட்டமெல்லாம் ரம்யாவுக்குத்தான்.

அவள் கட்டுமாவடிக்காரி. கடற்கரையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசி, பத்துப் பேருக்கும் காது கேட்கிற ஊர். கல்யாணமாகி இங்கே வந்தபோது அந்த இரைச்சலுக்குப் பதிலாகக் கிடைத்தவள் ஓரகத்தி செவந்தி. இரண்டு பேரும் ஒரே முறத்தில் அரிசி புடைத்தவர்கள். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் செவந்தி இருமினால் இவளுக்குக் கேட்கும். என்ன செய்கிறது என்று கேட்கத்தான் முடியாது. “அங்கிட்டு பேச்சு வச்சுக்கக் கூடாது” என்பது ஆனந்தராஜின் உத்தரவு.

அவனாவது பேசுவானா? நாள் பூராவும் “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று கத்தித் தீர்த்துவிட்டு வருகிற வாய், வீட்டுக்கு வந்ததும் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி கிடக்கும். ரம்யா குக்கரோடு பேசினாள். அது விசில் அடித்தால், “கேக்குது, கேக்குது” என்பாள். குழந்தை அன்புமொழிக்கு ஒன்றரை வயது ஆகியும் ஒரு வார்த்தை வரவில்லை. பேர்தான் அன்புமொழி. ஊசி போட வந்த நர்சம்மா, “புள்ளகிட்ட நாலு பேரு பேசினாத்தானம்மா அதுக்குப் பேச்சு வரும்” என்றார். நாலு பேருக்கு ரம்யா எங்கே போவாள்? அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

குழந்தை அவள் இடுப்பில் இருந்தபடியே கரண்டியைச் சுவருக்கு மேலே வீசிப் போடும். கொஞ்ச நேரத்தில் கரண்டி அங்கிருந்து திரும்பி வரும். கழுவித் துடைத்து வரும்.

இந்த வீட்டுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்தது. ஆனந்தராஜ் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் போட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பான். அது இவனைப் பார்க்கும். இவன் அதைப் பார்ப்பான். பேச்சு வராத இன்னொரு ஆள் வீட்டில் கூடியது போல ரம்யாவுக்குத் தோன்றியது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் அவன் வாயைத் திறந்தான்.

“ரம்யா.”

“சொல்லுங்க.”

“அங்கிட்டு இன்னும் விண்டோஸ்தான் ஓடுதா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்? பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே.”

“சும்மா பேசத்தான் கூடாதுன்னேன். இது விசாரண.”

“விசாரிக்கறதுன்னா பேசணுமேங்க.”

“அளவாப் பேசு.”

மறுநாள் காலையில் அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ரம்யா அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறிவிட்டாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் செவந்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதோரம் நரை விழுந்திருந்தது. சுவர் எழும்பும்போது இல்லாத நரை. எத்தனையோ பேச நினைத்து ஏறியவள், கடைசியில் உத்தரவைத்தான் கேட்டாள்.

“அக்கா, ஒங்க வீட்ல விண்டோஸா?”

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். “மாசியில மூடின வாய இப்பத்தான் தொறக்குற. தொறந்ததும் ஏதோ மருந்துப் பேரு கேக்குறியேத்தா.”

“மருந்து இல்லக்கா, கம்ப்யூட்டரு. ஒங்க கொழுந்தனாரு கேட்டுட்டு வரச் சொன்னாக.”

“அவரா? என்கிட்டப் பேசச் சொன்னாரா?”

“விசாரிக்கச் சொன்னாக.”

செவந்தி ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். “இருத்தா. கேட்டு வைக்கிறேன். நாளைக்கி வா.”

நாளைக்கும் போனாள். அங்கே விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாச்சாம். ராத்திரி ரம்யா சொன்னதும் ஆனந்தராஜ் எழுந்து நின்றுவிட்டான்.

“நாம போட்டது தெரிஞ்சுதான போட்டிருக்காக?”

“அப்படித்தாங்க இருக்கும்.”

மறுநாள் கம்ப்யூட்டர் பஸ் ஏறியது. துண்டில் சுற்றி, கண்டக்டர் சீட்டில் அவன் மடிமேல் உட்கார்ந்து போனது. “யாருக்கு என்ன சொகமில்ல?” என்று மீன்கூடைக்காரம்மா ஒருத்தி விசாரித்தாளாம். பிரசாந்த் லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸ் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் அங்கே மறுபடி விண்டோஸ் என்று தகவல் வந்தது. பெட்டி மறுபடி பஸ் ஏறியது.

இதற்கு நடுவில் அண்டாவுக்கு மேலே விசாரணை பலமாக நடந்தது. எந்த சிஸ்டம் என்பதற்கு ஒரு நிமிஷம் போகும். மிச்ச நேரம் பூராவும் முருங்கைக்காய், முழங்கால் வலி, சீரியல், பிள்ளைக்குச் சளி. செவந்தி அந்தப் பக்கம் ஆட்டுரலைச் சுவரோரம் உருட்டி வைத்து ஏறிக்கொண்டாள். ரெண்டு தலையும் சுவருக்கு மேலே தெரியும். குழந்தை கீழே நின்றபடி வாய்களையே பார்க்கும்.

ஒருநாள் ரம்யா கேட்டாள். “அக்கா, காவ்யாவ ஒருதடவ கூப்பிடுங்க. பாத்து எம்புட்டு நாளாச்சு.”

காவ்யா செவந்தியின் மகள்.

“அவ இங்க எங்கத்தா இருக்கா? திருச்சியில ஹாஸ்டலு.”

“எப்ப போச்சு?”

“கம்ப்யூட்டர் வாங்கின மூணாம் நாளே. அதையும் கையோட கொண்டு போயிட்டா. மடியில வச்சுக்கறது அது. வீட்ல வெறும் அட்டப்பெட்டிதான் கெடக்கு. அவ பழைய தாவணியெல்லாம் அதுலதான் மடிச்சு வச்சிருக்கேன்.”

ரம்யாவுக்கு அண்டா ஆடுவது போல இருந்தது. “அப்ப விண்டோஸு, லினக்ஸுன்னு மாத்தி மாத்திச் சொன்னீங்களே?”

“நீ கேட்டதும் இங்க ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா, விசாரண அன்னிக்கே முடிஞ்சிருக்கும். நீ எறங்கிப் போயிருப்ப. மக போன வீட்ல நா ஒத்தையில கெடக்கேன்.”

ரம்யா சுவருக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “இன்னிக்கி எதுன்னு சொல்லட்டும்க்கா?”

“நேத்து எது?”

“விண்டோஸு.”

“அப்ப அதுவே இருக்கட்டும். பாவம், பெட்டிக்கும் பஸ்ஸுல அலுத்துப் போகும்ல.”

பெட்டிக்கு முன்னாலேயே பிரசாந்த் அலுத்துப் போனார். ஆனந்தராஜ் அன்று சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தான்.

“இனிமே தொல்ல இல்ல. ரெண்டையுமே போட்டாச்சு. ஒரே பெட்டிக்குள்ள பாகம் பிரிச்சு, இங்கிட்டு விண்டோஸ், அங்கிட்டு லினக்ஸ். போட்டதும் எது வேணும்னு கேக்கும். நாம அமுக்குறதுதான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா அதுவே ஒண்ண எடுத்துக்குமாம். நா பிரசாந்துகிட்டச் சொல்லிட்டேன், எங்க வீட்ல நாஞ் சொல்லாம எதுவும் முடிவாகாதுன்னு.”

“அப்ப விசாரண?”

“எதுக்கு? அவுக எதப் போட்டா என்ன, நம்மகிட்ட ரெண்டும் இருக்கு. அந்த அண்டாவ எடுத்து உள்ள வையி.”

தோசைக்கல்லில் தோசை கருகியது. ரம்யாவின் காதில் நர்சம்மா சொன்னது கேட்டது. நாளைக்குக் காலையிலிருந்து மறுபடியும் அவளும் குக்கரும்தான். அவளுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. புருசனிடம் அவள் இதுவரைக்கும் கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கிறாள். அன்றைக்கும் கேள்விதான் கேட்டாள். தட்டில் இன்னொரு தோசையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, அவுகளும் ரெண்டையும் போட்டுட்டா?”

ஆனந்தராஜின் கை சட்னியில் நின்றது.

“காவ்யா காலேஜ்ல படிக்கிற புள்ள. அதுக்குத் தெரியாதா? ரெண்டும் இருந்தா, தினமும் அவுக எத அமுக்குறாகன்னுல்ல நாம பாக்கணும். அதவிடுங்க, ரெண்டுல எத மேல வச்சிருக்காக, எதக் கீழ வச்சிருக்காக?”

“மேல வேற, கீழ வேற இருக்கா?”

“நீங்கதாங்க சொல்லணும். நான் எட்டாவதுகூட முடிக்கல.”

ஆனந்தராஜ் சாப்பிட்ட கையோடு போய் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தான். திரையில் ஒரு பெயர் மேலே இருந்தது. ஒரு பெயர் கீழே இருந்தது. கிடாத்தலை அவன் கண்ணுக்கு முன்னால் வந்துபோயிருக்க வேண்டும். நின்றபடியே சொன்னான். “இது வாய் வார்த்தையில தெரியாது. கண்ணால பாக்கணும்.”

மறுநாள் லீவு போட்டான். கடப்பாரையை எடுத்து, தான் கட்டிய சுவரில் தானே ஒரு கல்லைப் பெயர்த்தான். இந்தப் பக்கம் ஓட்டை தெரியாமல் ஒரு காலண்டரை மாட்டினான். “நா எட்டிப் பாத்தா மரியாதையா இருக்காது. நீயே பாத்துச் சொல்லு.”

ரம்யா பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து செவந்தியின் கண் இவளைப் பார்த்தது.

“என்ன தெரியுது?”

“பெட்டியோட ஓரந்தாங்க தெரியுது. அட்டப்பெட்டி.”

“ஸ்கிரீனு?”

“தெரியலிங்க. அது உள்ள தள்ளி இருக்கும் போல.”

பொய்யில்லை. திருச்சி வரைக்கும் தள்ளி இருந்தது. ஆனந்தராஜ் வாசலில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். கடைசியில் கண்டக்டர் குரலிலேயே சொன்னான். “உள்ள போ. போயிப் பாத்துட்டு வா.”

அன்றிலிருந்து சாயங்காலமானால் ரம்யா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவழியாக அந்த வீட்டுக்குப் போனாள். ராத்திரி வந்து, “இன்னிக்கி மேல இருந்ததுதாங்க” என்றோ “கீழ இருந்ததுங்க” என்றோ சொன்னாள். அவன் அதற்கு எதிரானதை அமுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கினான்.

பஸ்ஸுக்கு டயர் வெடித்து ஒரு நடை குறைந்த நாள் அவன் வெளிச்சத்திலேயே வீடு வந்துவிட்டான். ரம்யாவுக்கு அது தெரியாது. அவள் செவந்தியோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குழந்தைசாமி வயலிலிருந்து வந்து, அன்புமொழியை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் போனதிலிருந்து அவர் மடி காலியாகத்தான் கிடந்தது. யார் எதற்காக வருகிறார்கள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் “ரம்யா, ரம்யா” என்று குரல் கேட்டது. காலண்டர் சரசரத்தது. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. கண் திண்ணையைச் சுற்றிச் சுற்றித் தேடியது.

“கம்ப்யூட்டர் எங்க?”

குழந்தைசாமி திரும்பாமலே சொன்னார். “அது காவ்யாகூட திருச்சியில இருக்கு. வாங்கின மூணாம் நாள்லருந்து.”

கண் அட்டைப்பெட்டியில் வந்து நின்றது. அப்போது அன்புமொழி குழந்தைசாமியின் மீசையைப் பிடித்து இழுத்து, முதல் தடவையாக வாயைத் திறந்து, “பெய்யப்பா” என்றது.

பெரியப்பா என்று அது சொன்னது எல்லோருக்கும் கேட்டது. கண்ணுக்கும் கேட்டது. கண் ரெண்டு தடவை மூடித் திறந்தது. குரல் இப்போது கண்டக்டர் குரலாக இல்லை. சின்னதாக இருந்தது.

“ரம்யா, அப்ப நீ தினமும் அங்க என்னதான் பண்ற?”

“நீங்க சொன்ன வேலதாங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம், அவன் வந்ததும் போட்டு வைத்திருந்த கம்ப்யூட்டர் டிங்கென்று ஒரு சத்தம் போட்டது. எது வேண்டும், எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்துவிட்டு, சொல்ல ஆள் வரவில்லை என்றதும் அதுவே ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டது. செவந்தி சத்தமில்லாமல் எழுந்து இன்னொரு தட்டைக் கழுவி வைத்தாள்.

“எது வந்திருக்குன்னு பாத்துட்டு, வாசல் வழியா வந்து சொல்லுங்க,” என்றாள் ரம்யா.