படகுப் பெயின்ற் பூசிய ஐந்தாம் வகுப்பு

தீவுப்பகுதியில் சூரியனுக்கே நேரசூசி போட்டு வேலை வாங்கிய ஒரே ஆள் எங்கள் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பெயின்ற் மாஸ்டர்தான். முதற்பாடம் கிழக்கு யன்னலோரம், கடைசிப் பாடம் மேற்குச் சுவரோரம். மணியடித்தால் ஐந்தாம் வகுப்பே கதிரை மேசையோடு வெளிச்சத்தின் பின்னால் குடிபெயரும். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ரீச்சர் என்னிடம்தான் முறையிடுவார். நான் அதிபர். கதிரை பெரிது, நெஞ்சு கோழிக்குஞ்சினுடையது.

முன்பு அந்த அறை ஈரச் சாம்பல் நிறம். பாதிப் பிள்ளைகள் வருவதில்லை, வந்தவர்கள் தூங்குவார்கள். பெருநாளுக்குப் படகுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் காலத்தில் மாஸ்டர் சிரட்டையோடு அல்லைப்பிட்டிக் கரைக்குப் போய், படகு படகாக மிச்சம் கேட்டார்.

“என்ன மாஸ்டர், பள்ளிக்கூடத்தைக் கடலில இறக்கப் போறியளோ?” என்றார் ஒரு மீனவர்.

“அது ஏற்கெனவே தாண்டு போச்சு அண்ணை. தூக்கப் போறன்.”

மஞ்சள், நீலம், ஒரு மூலையில் கொதிக்கும் சிவப்பு. கூரையில் நாலு ஓடுகளைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டார். பிறகு கேற் திறக்குமுன்னரே பிள்ளைகள் வந்து நின்றார்கள். காய்ச்சலோடு வந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போதுதான் கல்விக் கந்தோரிலிருந்து தொலைபேசி வந்தது: “நாளைக்கு மேலதிகாரி வாறார். ஐந்தாம் வகுப்பைப் பார்க்கோணுமாம்.”

அனுமதி எடுக்காமல் அரசாங்கச் சுவரில் படகுப் பெயின்ற்! விசாரணை, இடமாற்றம், பென்சன் வெட்டு என்று மத்தியானத்துக்குள் மனதில் மூன்று தரம் வேலை இழந்துவிட்டேன்.

“மாஸ்டர், இண்டைக்கே வெள்ளை அடிக்கோணும்.”

“என்னத்துக்கு வாறாரெண்டு கேட்டனீங்களே, சேர்?”

“கேட்க ஏலாது. கேட்டால் தெரிஞ்சிடும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம்!”

முதற்பூச்சுக்குள்ளால் மஞ்சள் எட்டிப் பார்த்தது. மூன்றாவதில்தான் அடங்கியது. மாஸ்டரும் ஒரு பிரஷ் பிடித்தார்.

மறுநாள் அதிகாரி, நாலு பள்ளி அதிபர்களோடு வந்து இறங்கினார். “எங்கை அந்தக் கலர் வகுப்பு? இவையும் பார்த்துச் செய்யட்டுமெண்டு கூட்டிவந்தனான்.”

நான் ஓரடி பின்னுக்கு நகர்ந்தேன். மாஸ்டர் முன்னுக்கு வந்தார். “நான்தான் சேர் வெள்ளை அடிச்சனான். பெயின்ற் மணம் பிள்ளையளுக்குத் தலையிடி.”

“பொறுப்பில்லாத மனுசனய்யா நீர்!” என்று எல்லோர் முன்னாலும் ஏசினார் அதிகாரி. நான் கண்ணாடி ஓட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சொல், ஒரே ஒரு சொல் நான் சொல்லியிருக்கலாம்.

அவர்கள் போனபின் காய்ச்சல்காரி வாசலில் நின்று, “சேர், எங்கட வகுப்பு எங்கை?” என்றாள். அடுத்த கிழமை பாதிக் கதிரை வெறுமை.

திரும்பவும் மஞ்சள் அடிப்போம் என்றேன். மாஸ்டர் சிரித்தார். “இனி அந்தப் பிள்ளையள் நம்பாதுகள், சேர்.” தை பிறக்க, இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு நெடுந்தீவுக்கு மாறிப் போனார்.

அங்கே இப்போது ஒரு வகுப்பறை மாம்பழ நிறத்தில் இருக்கிறதாம். படகில் ஒரு மணித்தியாலப் பயணம். நான் இன்னும் போகவில்லை. தீவில் பிறந்து வளர்ந்தவன், கடலென்றால் பயம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.